ஹவானா, சான் ஹுவான், சாண்டோ டொமிங்கோ, கார்த்தஹேனா: ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் எந்த ஊர்?

கரீபியன் பகுதியில் ஸ்பானியர்கள் கட்டிய பழைய துறைமுக நகரங்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும், கையில் ஒரு வாரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், கொலம்பியாவில் இருக்கும் கார்த்தஹேனாவுக்குப் போங்கள் என்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் எல்லோருக்கும் இந்தப் பதில் பொருந்தாது. மூட்டுவலி உள்ள அம்மாவை அழைத்துப் போகிறவருக்கு நான் சொல்லும் ஊர் வேறு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஹவானாவுக்கு டிக்கெட் எடுக்கும் முன் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கனடா பாஸ்போர்ட்காரருக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதனால் நான்கு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பார்த்துவிடலாம்: போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான், டொமினிக்கன் குடியரசின் சாண்டோ டொமிங்கோ, கியூபாவின் ஹவானா, பிறகு கார்த்தஹேனா.

வேறு துறைமுகங்கள் இல்லாமல் இல்லை. பனாமாவின் போர்ட்டோபெலோவில் கோட்டை இடிபாடுகள் இருக்கின்றன, ஆனால் ஒரு வாரம் தங்கும் அளவுக்கு அது ஊர் இல்லை. மெக்சிகோவின் வெராகுரூஸில் சான் ஹுவான் டி உலுவா என்ற அருமையான கடற்கோட்டை உண்டு. ஆனால் நகரத்தின் மதிலை 1880இல் இடித்துவிட்டார்கள், ஒரே ஒரு கொத்தளம்தான் மிச்சம். இரண்டும் அந்தப் பக்கம் போகும்போது பார்க்க வேண்டிய இடங்கள். இதற்காகவே பயணம் கிளம்ப வேண்டியதில்லை.

இந்த நான்கையும் ஒப்பிட ஒரு நல்ல காரணம் இருக்கிறது. நான்கும் ஒரே வேலைக்காகக் கோட்டை கட்டப்பட்ட ஊர்கள். பெருவின் வெள்ளி பசிபிக் கடல் வழியாகப் பனாமாவுக்கு வந்து, கோவேறு கழுதைகளின் முதுகில் நிலத்தைக் கடந்து, மறுபடியும் கப்பல் ஏறும். அந்தக் கப்பல்கள் காத்திருந்து புறப்பட்ட பாதுகாப்பான துறைமுகம் கார்த்தஹேனா. மெக்சிகோவின் வெள்ளி வெராகுரூஸிலிருந்து வரும். இரண்டு கப்பல் கூட்டங்களும் ஹவானாவில் சேர்ந்து, வளைகுடா நீரோட்டத்தைப் பிடித்து ஸ்பெயின் திரும்பும். சான் ஹுவான் கிழக்கு வாசல். ஐரோப்பாவிலிருந்து காற்றோடு வரும் எதிரி முதலில் தொடக்கூடிய இடம். சாண்டோ டொமிங்கோ இவை எல்லாவற்றுக்கும் மூத்தது, ஆனால் வெள்ளி கிடைத்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓரங்கட்டப்பட்டது.

1586 ஜனவரியில் பிரான்சிஸ் டிரேக் என்ற ஆங்கிலேயக் கடற்கொள்ளைத் தளபதி சாண்டோ டொமிங்கோவைப் பிடித்தார். ஒரு மாதம் உட்கார்ந்து, ஊரைத் தெருத்தெருவாக இடித்தும் எரித்தும் மிரட்டி, 25,000 டுகாட் (அந்தக் காலத் தங்க நாணயம்) வாங்கிக்கொண்டு கிளம்பினார். அடுத்த மாதமே கார்த்தஹேனா. அங்கே 1,07,000 டுகாட். இரண்டு தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே எந்த ஊரில் பணம் புழங்கியது என்பது புரிந்துவிடும். இந்த அவமானத்துக்குப் பிறகுதான் ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் மன்னர், பௌத்திஸ்தா அந்தோனெல்லி என்ற இத்தாலியப் பொறியாளரைக் கரீபியன் முழுக்க அனுப்பிக் கோட்டைத் திட்டங்கள் போட வைத்தார். ஹவானாவின் மோரோ கோட்டை, சான் ஹுவானில் அதே பெயர் கொண்ட கோட்டையில் செய்த மாற்றங்கள், கார்த்தஹேனா மதிலின் முதல் வரைபடம் எல்லாம் அவர் கையிலிருந்து வந்தவை. ஒரு ஊரில் பார்க்கும் கொத்தளக் கோணம் இன்னொரு ஊரிலும் கண்ணில் படுவது அதனால்தான். ஆக, எங்கே போனாலும் கோட்டை கிடைக்கும். தேர்வு செய்ய வேண்டியது, கோட்டையைத் தவிர வேறென்ன கிடைக்கிறது என்பதை வைத்து.

சான் ஹுவான்: சிரமமில்லாத ஊர்

பழைய சான் ஹுவான் ஒரு சிறிய தீவின் மேற்கு முனையில் இருக்கிறது. 1521 வாக்கில் குடியிருப்பை இங்கே மாற்றினார்கள். முனையில் நிற்கும் எல் மோரோ கோட்டையின் வேலை 1539இல் தொடங்கி இருநூற்றைம்பது ஆண்டுகள் நடந்தது. ஆறு அடுக்காகக் கடலிலிருந்து சுமார் 140 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. நிலத்துப் பக்கம் காவலுக்குக் கட்டிய சான் கிறிஸ்டோபல் கோட்டை 27 ஏக்கர். இந்த இரண்டாவது கோட்டை ஏன் வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1595இல் டிரேக் கடல் வழியாக வந்து தோற்றுப்போனார். மூன்றே ஆண்டில் இன்னொரு ஆங்கிலேயரான கம்பர்லாந்து பிரபு நிலத்துப் பக்கமாக வந்து ஊரைப் பிடித்தார். வயிற்றுக்கடுப்பு அவருடைய படையைத் தின்றுவிட்டதால் சில வாரங்களில் கிளம்பினார். 1625இல் டச்சுக்காரர்கள் ஊரையே எரித்தார்கள். கடலைப் பார்த்த கோட்டை மட்டும் போதாது என்பதை ஊர் அடிபட்டுக் கற்றது.

போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி என்பதால் இரண்டு கோட்டைகளையும் அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை பராமரிக்கிறது. பெரியவர்களுக்கு 10 டாலர், அந்த ஒரே சீட்டில் இரண்டையும் பார்க்கலாம், 15 வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. எல் மோரோவின் முன்னால் விரிந்திருக்கும் புல்வெளியில் குடும்பம் குடும்பமாகப் பட்டம் விடுவார்கள். அட்லாண்டிக் காற்று அங்கே சும்மா இருப்பதே இல்லை. நீலச் சாயல் கொண்ட கல்பாவிய தெருக்கள், இரும்பு உருக்கிய கசடில் வார்த்த கற்கள். மழை பெய்து ஓய்ந்ததும் அந்த நீலம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அமெரிக்க விசா கையில் இருந்தால் வேறு விசா எதுவும் வேண்டாம். டாலர் செல்லும், ஆங்கிலம் போதும், உபர் கிடைக்கும், மருத்துவமனை பற்றிய கவலை குறைவு. வயதான பெற்றோரோடு, அல்லது கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஊர் இதுதான். தெருக்களில் ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் மூச்சு வாங்கினால் உட்கார ஒவ்வொரு சதுக்கத்திலும் நிழல் உண்டு.

குறை என்று பார்த்தால் இரண்டு. நான்கு ஊர்களிலும் தங்குவதற்கு அதிகம் செலவாகும் ஊர் இது. அப்புறம், பழைய நகரம் ஒன்றரை நாளில் முடிந்துவிடும். பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் நாளில் தெருவெல்லாம் அவர்கள்தான். மீதி நாட்களுக்கு எல் யுங்கே மழைக்காடு இருக்கிறது, இரவில் ஒளிரும் கடல்விரிகுடாக்கள் இருக்கின்றன. அவையும் அற்புதமானவை, ஆனால் நாம் இங்கே பேசுவது துறைமுக நகரத்தைப் பற்றி.

சாண்டோ டொமிங்கோ: எல்லாம் தொடங்கிய இடம்

இந்த ஊருக்கு யாரும் அதற்குரிய மரியாதையைக் கொடுப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். டொமினிக்கன் குடியரசுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் புண்டா கானா கடற்கரை விடுதியில் இறங்கி, அங்கேயே ஏழு நாள் படுத்திருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். இரண்டரை, மூன்று மணி நேரச் சாலைப் பயணத்தில் அமெரிக்கக் கண்டத்தின் முதல் பேராலயம் இருக்கிறது. ஐரோப்பியர்கள் அங்கே அமைத்த முதல் தெரு என்று சொல்லப்படும் காயே லாஸ் தாமாஸ் இருக்கிறது. கொலம்பஸின் மகன் தியேகோ வாழ்ந்த மாளிகை, 1503இல் தொடங்கிய மருத்துவமனையின் இடிபாடு, ஒசாமா ஆற்றின் முகத்தில் நிற்கும் கோட்டை எல்லாம் நடக்கும் தூரத்தில்.

ஆனால் நான் அங்கே போகச் சொல்வது இந்த ‘முதல்’ பட்டியலுக்காக இல்லை. 1511 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. ஊரின் பெரிய மனிதர்கள் எல்லாம், தியேகோ கொலம்பஸ் உட்பட, பிரசங்கம் கேட்க வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தோனியோ டி மொந்தெசினோஸ் என்ற துறவி எழுந்து, தீவின் பழங்குடியான தாய்னோ மக்களை நீங்கள் நடத்தும் விதத்தால் நீங்கள் எல்லோரும் சாவான பாவத்தில் இருக்கிறீர்கள் என்றார். இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்டார். கோபப்பட்டவர்கள் வந்து, வார்த்தையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு இன்னும் கடுமையாகப் பேசினார். கடற்கரைச் சாலையில் அவருக்கு மெக்சிகோ கொடுத்த மாபெரும் சிலை ஒன்று நிற்கிறது, வாயருகே கை குவித்துக் கடலைப் பார்த்துக் கூவுவது போல. அந்தச் சிலையின் கீழே போய் நிற்காமல் அந்த ஊரிலிருந்து திரும்பக் கூடாது.

தாய்னோ மக்கள் அநேகமாக அழிக்கப்பட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற உணவு நம் வீடு வரை வந்திருக்கிறது. மரவள்ளியைத் துருவி, சாறு பிழிந்து, தட்டில் பரப்பிச் சுடும் கசாபே என்ற மொறுமொறுப்பான ரொட்டி அங்கே இன்றும் கடையில் கிடைக்கும். 2024இல் யுனெஸ்கோ அதை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. கன்னியாகுமரிப் பக்கம் மரவள்ளி அவித்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கிழங்கின் பிறந்த வீட்டுப் பக்கம் வந்த உணர்வு வரும்.

செலவு குறைவு. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஷெங்கன் விசாக்களில் ஒன்று செல்லுபடியாக இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் தனி விசா இல்லாமல் போகலாம். கிளம்புமுன் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பழைய நகரத்துக்கு வெளியே போக்குவரத்து நெரிசல் மண்டையைப் பிளக்கும். மெட்ரோ இருக்கிறது, முடிந்தவரை அதைப் பிடியுங்கள். மூன்று நாள் இந்த ஊருக்குச் சரியான அளவு. பத்து நாள் விடுமுறையும் அமெரிக்க விசாவும் இருந்தால் இதையும் சான் ஹுவானையும் சேர்த்தே பார்க்கலாம், நடுவில் விமானத்தில் ஒரு மணி நேரம்தான்.

ஹவானா: மனம் கேட்கும், ஆனால்

அழகை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் ஹவானாதான் முதலிடம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்கு பெரிய சதுக்கங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். குறுகலான துறைமுக வாய், அதன் ஒரு கரையில் மோரோ கோட்டை, அதன் பக்கத்திலேயே லா கபான்யா. 1762இல் ஆங்கிலேயர் மோரோவின் சுவருக்கு அடியில் வெடி வைத்து உள்ளே புகுந்து ஹவானாவையே பிடித்தார்கள். அடுத்த ஆண்டு ஃபுளோரிடாவை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். ஊர் திரும்பக் கிடைத்ததுமே ஸ்பெயின் கட்டத் தொடங்கியது லா கபான்யா. இன்றும் அங்கே இரவு ஒன்பது மணிக்குப் பீரங்கி வெடிக்கிறார்கள், மதில் வாசலை மூடும் நேரம் என்று. மதிலோ 1863 முதல் இடிக்கப்பட்டுவிட்டது, சில துண்டுகள்தான் பாக்கி.

பழைய ஹவானாவைக் காப்பாற்றியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால் நகர வரலாற்றாளர் எவுசேபியோ லேயால். 1990களில் நாடு பட்டினியில் இருந்தபோது, பழைய நகரத்து ஹோட்டல்களையும் உணவகங்களையும் தன் அலுவலகமே நடத்தி, அந்த வருமானத்தில் கட்டடங்களைச் சீரமைக்க அனுமதி வாங்கினார். சதுக்கங்களோடு பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் குடியிருப்பும் அந்தப் பணத்தில் வந்தன. 2020இல் காலமானார். பழைய நகரம் காட்சிப்பொருளாகிவிடாமல் மக்கள் வாழும் இடமாகவே மிஞ்சுவதற்கு ஒரு வழி உண்டு என்று காட்டியவர்.

ஆனாலும் இப்போது முதல் பயணமாக ஹவானாவைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024 அக்டோபரில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. அதன்பிறகும் பலமுறை போயிருக்கிறது. எரிபொருள் இல்லை, மருந்து இல்லை, உணவுப் பொருளுக்கு வரிசை. சுற்றுலாப் பயணிக்கு ஹோட்டல் ஜெனரேட்டர் ஓடும். பக்கத்து வீட்டில் இருட்டு. போகிறவர்கள் போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கசா பர்ட்டிகுலார் எனப்படும் வீட்டு விடுதிகளில் தங்கினால் அந்தக் காசு நேராக ஒரு குடும்பத்துக்குப் போகிறது, அது நல்ல காரியம். காய்ச்சல், வலி மாத்திரைகளைக் கூடுதலாக எடுத்துப் போய் அந்த வீட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். அமெரிக்க வங்கி அட்டைகள் அங்கே வேலை செய்யாது, பணமாகத்தான் கொண்டுபோக வேண்டும். இதையெல்லாம் சமாளிக்கத் தெம்பும், திட்டம் மாறினால் பதறாத மனமும் உள்ளவர்களுக்கு அது மறக்க முடியாத ஊர்.

தொடக்கத்தில் சொன்ன பாஸ்போர்ட் விஷயம் இதுதான். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நார்வே, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் போன்ற நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல், எஸ்டா என்ற இணைய அனுமதியோடு அமெரிக்கா போய்வரலாம். 2021 ஜனவரி 12க்குப் பிறகு கியூபாவுக்குப் போயிருந்தால் அந்தச் சலுகை போய்விடும். பிறகு அமெரிக்கா போக, தூதரகத்தில் நேர்காணலுக்கு நின்று முறைப்படி விசா வாங்க வேண்டும். நியூ ஜெர்சியில் அண்ணன் வீடு இருக்கிறது, அடுத்த வருடம் கல்யாணம் என்கிற குடும்பங்கள் இதைத் தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது. கனடா நாட்டவருக்கும், ஏற்கெனவே விசா எடுத்துத்தான் அமெரிக்கா போகும் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கும் இந்த எஸ்டா விதி பொருந்தாது.

கார்த்தஹேனா: நான் தேர்ந்தெடுக்கும் ஊர்

பெத்ரோ டி எரேதியா 1533 ஜூன் 1இல் நிறுவிய நகரம் இது. மதில் சுமார் 11 கிலோமீட்டர், பெரும்பகுதி இன்னும் நிற்கிறது. ஹவானா தன் மதிலை இழந்துவிட்டது, சாண்டோ டொமிங்கோவில் சில வாசல்களும் துண்டுகளும் இருக்கின்றன, சான் ஹுவான் 1897இல் கிழக்குப் பக்கத்தை இடித்துவிட்டது. மதில் சூழ்ந்த துறைமுக ஊர் என்றால் என்ன என்பதை முழு உருவமாகப் பார்க்க வேண்டும் என்றால் கார்த்தஹேனாதான். மேலே ஏறி நடக்கக் கட்டணம் இல்லை. குனிந்து கல்லைப் பாருங்கள், பல இடங்களில் பவளப்பாறையின் மூளை போன்ற வரிகள் தெரியும். கடலிலிருந்தே எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு ஏறினால் ஒரு பக்கம் கரீபியன் கடலில் சூரியன் இறங்கும், மறுபக்கம் மரப் பலகணிகளில் தொங்கும் காகிதப் பூக்கள்.

ஊருக்கு வெளியே குன்றின்மேல் சான் ஃபெலிப்பே டி பராஹாஸ் கோட்டை. 1741இல் ஆங்கிலேய அட்மிரல் எட்வர்ட் வெர்னன் கிட்டத்தட்ட 180 கப்பல்களோடு வந்தார். காத்து நின்றவர் ஸ்பானியக் கடற்படைத் தளபதி பிளாஸ் டி லெசோ. முந்தைய போர்களில் ஒரு கால், ஒரு கண், ஒரு கையின் செயல் எல்லாவற்றையும் இழந்தவர். அவரிடம் இருந்தவை ஆறு போர்க்கப்பல்கள், சில ஆயிரம் ஆட்கள். துறைமுகத்தின் வெளிக் கோட்டைகள் விழுந்ததுமே வெர்னன் வெற்றிச் செய்தி அனுப்பிவிட்டார். லெசோ மண்டியிட்டு வாளை ஒப்படைப்பது போல இங்கிலாந்தில் பதக்கங்கள் அச்சடித்தார்கள். ஆனால் சான் ஃபெலிப்பே விழவில்லை. மழைக்காலம் தொடங்கி, மஞ்சள் காய்ச்சல் படையை அள்ளிக்கொண்டு போனது. லெசோவும் அதே ஆண்டு இறந்தார். இன்று நாம் பார்க்கும் கோட்டையின் பெரும் உடல் அதற்குப் பிறகு, 1760களில் அந்தோனியோ டி அரேவலோ என்ற பொறியாளர் விரிவாக்கியது. சுரங்க வழிகளில் ஒருவரை முன்னே போகச் சொல்லிக் காலடிச் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள், ரொம்ப தூரம் வரும். எதிரி உள்ளே வந்தால் காதாலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்பது கணக்கு. காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தக் கல்லின்மேல் நிற்க முடியாது.

இதுவரை சொன்னது கல். என் தேர்வுக்குக் காரணம் கல் இல்லை.

ஸ்பானிய அமெரிக்காவில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் இறக்கப்பட்ட முக்கியத் துறைமுகம் கார்த்தஹேனா. மணிக்கூண்டு வாசலைத் தாண்டினால் வரும் முக்கோணச் சதுக்கம், பிளாசா டி லோஸ் கோச்செஸ், மனிதர்களை விற்ற சந்தை. இன்று அதன் ஓரத்து வளைவுகளின் கீழே பெண்கள் கண்ணாடிப் பாட்டில்களில் இனிப்பு விற்கிறார்கள்: கொகாதா என்ற தேங்காய் மிட்டாய், சர்க்கரை புரட்டிய புளி உருண்டை. நம் நாக்குக்கு உடனே பிடிபடும் சுவை. அந்தச் சுவையோடு அந்தக் கல்தரையைப் பார்க்கும்போது தொண்டையில் ஏதோ நிற்கும். நிற்கட்டும், அந்த ஊருக்குப் போவது அதற்காகவும்தான்.

இரண்டு தெரு தள்ளி சான் பெத்ரோ கிளாவெர் தேவாலயம். அடிமைக் கப்பல் வந்ததும் அதன் இருட்டுத் தளத்துக்குத் தண்ணீரும் பழமும் மருந்தும் எடுத்துக்கொண்டு இறங்கிய சேசு சபைத் துறவி இந்தக் கிளாவெர். 1654இல் இறந்தார், 1888இல் புனிதராக்கினார்கள், உடல் பீடத்தின் கீழே இருக்கிறது. அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் அவரோடு இறங்கி, பல ஆப்பிரிக்க மொழிகளில் பேசி, பயந்து நடுங்கியவர்களுக்கு என்ன நடக்கிறது என்று விளக்கியவர்கள் மொழிபெயர்ப்பாளர்கள். அவர்களும் அடிமைகள், சேசு சபைக் கல்லூரிக்குச் சொந்தமானவர்கள். மடத்தைச் சுற்றிப் பார்க்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் 1610இல் இங்கே வந்த சமய விசாரணை மன்றத்தின் மாளிகை, திருச்சபைக்கு எதிரானவர்கள் என்று பிடித்தவர்களை விசாரித்துத் தண்டித்த இடம். அழகான வாசல், உள்ளே நடந்ததோ அதற்கு நேர்மாறு.

மதிலின் இன்னொரு பக்கம் ஹெத்செமனி, விவிலியத்தின் கெத்செமனே தோட்டத்தின் பெயர். கைவினைஞர்கள், விடுதலை பெற்ற கறுப்பர்கள், கலப்பினத்தவர் வாழ்ந்த பேட்டை. 1811 நவம்பர் 11 அன்று பெத்ரோ ரொமேரோ என்ற கொல்லர் தலைமையில் இந்தப் பேட்டை மக்கள் ஆயுதத்தோடு திரண்டு வந்து அழுத்தியதால்தான் கார்த்தஹேனா ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலை அறிவித்தது. நான்கே ஆண்டில் ஸ்பானியப் படை திரும்பி வந்து நூறு நாளுக்கு மேல் முற்றுகையிட்டது, ஆயிரக்கணக்கானோர் பட்டினியில் செத்தார்கள். லா எரோய்கா, வீர நகரம் என்ற பெயர் அப்படி வந்தது. இன்று திரினிதாத் சதுக்கத்தில் மாலையானால் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், பாட்டிகள் வாசலில் நாற்காலி போட்டிருப்பார்கள். ஆனால் வாடகை ஏறி, வீடுகள் ஒவ்வொன்றாக விடுதிகளாகி, தலைமுறையாக இருந்தவர்கள் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். தங்க இடம் பார்க்கும்போது, பேட்டைக்காரர்களே நடத்தும் சிறிய விடுதியாகப் பாருங்கள்.

சாப்பாட்டில் நமக்கு இந்த ஊர் மற்ற மூன்றையும்விட நெருக்கம். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி, எண்ணெய் பிரிந்து மிச்சம் பழுப்பாக வறுபட்டதும் அதிலேயே அரிசி போட்டு வேகவைக்கும் தேங்காய்ச் சோறு, லேசான இனிப்போடு. கூடவே முழு மீன் பொரியல், நசுக்கிப் பொரித்த வாழைக்காய். தெருவில் அரேப்பா டி உவேவோ, மக்காச்சோள மாவுக்குள் முட்டையை ஊற்றிப் பொரித்தது. சைவம் என்றால் கொஞ்சம் கஷ்டம்தான். சோறு, பருப்பு, வாழைக்காய், பழம் என்று சமாளிக்கலாம். ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ’ என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள், இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று அர்த்தம்.

தொல்லைகளையும் மறைக்கவில்லை. வெயிலும் புழுக்கமும் ஆண்டு முழுக்க. டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே தொகையைப் பேசிவிட வேண்டும். தெரு வியாபாரிகள் விடாமல் பின்தொடர்வார்கள். சிரித்து ‘நோ, கிராசியாஸ்’ சொல்லி நடந்துகொண்டே இருங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் மணிக்கூண்டுப் பக்கம் நள்ளிரவில் நிற்க வேண்டாம். மதிலுக்குள் அறை வாடகை அதிகம், ஹெத்செமனியிலும் மாங்கா என்ற பேட்டையிலும் குறையும். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களிடம் இன்னும் 180 நாளாவது செல்லுபடியாகும் அமெரிக்க அல்லது ஷெங்கன் விசா இருந்தால் கொலம்பியாவுக்குத் தனி விசா தேவையில்லை. இல்லாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்கும் முன் கொலம்பியத் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

பருவத்திலும் கார்த்தஹேனாவுக்கு ஒரு வசதி. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். மற்ற மூன்று ஊர்களும் அந்தப் பாதையில் இருக்கின்றன, 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவை என்ன செய்தது என்பது தெரிந்ததே. கார்த்தஹேனா தெற்கே ஒதுங்கி இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். மழை மட்டும் அக்டோபரில் கொட்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை போவது நல்லது.

ஏழு நாளில் நான்கு நாள் நகரத்துக்கு, ஒரு நாள் ரொசாரியோ தீவுகளின் பவளக் கடலுக்கு, ஒரு நாள் சும்மா இருக்க. மீதி ஒரு நாளை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். அது சான் பசிலியோ டி பலென்கேக்கு.

நகரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். கார்த்தஹேனாவிலிருந்து தப்பி ஓடிய அடிமைகள் காட்டுக்குள் மரவேலி கட்டி அமைத்துக்கொண்ட ஊர்களில் இன்றுவரை நிலைத்திருப்பது. அந்த எதிர்ப்பின் முதல் தலைவராக அவர்கள் கொண்டாடும் பெங்கோஸ் பியோஹோவை ஸ்பானியர்கள் 1621இல் தூக்கிலிட்டார்கள். ஆனால் ஊர்கள் பணியவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானிய ஆட்சியே அவர்களோடு உடன்படிக்கை செய்து, விடுதலையை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஸ்பானிய மொழியும் கிகொங்கோ போன்ற ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த பலென்கேரோ மொழியை அங்கே இன்றும் பேசுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். யுனெஸ்கோ 2005இல் அந்த ஊரின் பண்பாட்டை மானுட மரபாக அறிவித்தது. தப்பிச் செல்லும் வழியைப் பெண்கள் தலைமுடிப் பின்னலில் வரைபடமாகப் பின்னி வைத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

கார்த்தஹேனாவில் தலையில் பழத்தட்டோடு, வண்ணப் பாவாடையோடு நிற்கும் பெண்களைப் படம் எடுக்காத பயணி இல்லை. அவர்கள் பலென்கேராக்கள், இந்த ஊர்க்காரர்கள். படம் எடுத்தால் காசு கேட்பார்கள், முகம் சுளிக்காமல் கொடுங்கள். அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு ஒருமுறை போய்வந்தவர்களுக்கு அந்தப் படம் வேறு மாதிரி தெரியும்.

போகும் முறை: நகரத்திலிருந்து கிளம்பும் சுற்றுலாக்களில் பலென்கே ஊர்க்காரரே வழிகாட்டியாக வரும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஊர்ச் சதுக்கத்தில் இறங்கி அங்கே ஒருவரை அமர்த்துங்கள். சின்ன நோட்டுகளாகப் பணம் வையுங்கள். மதியச் சாப்பாட்டை அங்கேயே, ஒரு வீட்டில் சொல்லி வைத்துச் சாப்பிடுங்கள். சதுக்கத்தில் பியோஹோவின் சிலை இருக்கிறது, சங்கிலி அறுந்த கையை மேலே நீட்டியபடி.